சாம்பிள் பார்க்காமல் வாங்கிய நம்பிக்கை

குன்னூர் தேயிலை ஏலத்தில் யாரும் மூட்டையின் மேலுள்ள பெயரை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. ஏலத்துக்கு முன்பே ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சாம்பிள் எடுக்கப்பட்டு, புரோக்கர்கள் வழியாக வாங்குவோரிடம் போய்ச் சேர்கிறது. டேஸ்டர் அந்தத் தூளை எடைபோட்டு, கொதிநீர் ஊற்றி, நேரம் கணக்கிட்டு வடித்து, கரண்டியில் எடுத்து ஓசையோடு உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்புகிறார். போன வாரம் அதே பேக்டரியின் தூள் நன்றாக இருந்தது என்பது இந்த வார லாட்டுக்குச் சான்றாகாது. 1963 முதல் இந்த ஏலம் நடக்கிறது. விலை கேட்பது இன்று கணினித் திரைக்கு மாறிவிட்டது. சாம்பிள் அனுப்பும் வழக்கம் மட்டும் மாறவில்லை. விற்பவரை மதிப்பதும் அவர் பொருளைச் சோதிப்பதும் இங்கே ஒன்றுக்கொன்று பகையாகக் கருதப்படுவதில்லை. சோதிக்க முடிகிறது என்பதாலேயே ஒருவரை ஒருவர் நேரில் அறியாதவர்களும் இந்த ஏலத்தில் நம்பி வாங்குகிறார்கள்.

2020 மார்ச் கடைசியில் பொதுமுடக்கம் வந்தபோது, இதே நீலகிரியில் வேறொரு பொருள் எந்தச் சாம்பிளும் பார்க்கப்படாமல் வீடு வீடாக நுழைந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பை இணையத்துக்கு மாற்ற முடிந்த பள்ளிகள் மாற்றின. வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வரும். தொட்டால் செயலியை இறக்கச் சொல்லும். இறக்கியதும் கேமரா, மைக், சேமிப்பகம் என்று ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும். கொழுந்து பறிக்கப் போகும் வீட்டில் பெரும்பாலும் ஒரே போன்தான். வகுப்பு தொடங்கும் நேரத்தில் அந்த அனுமதிக் கேள்விகளை நிறுத்திப் படித்து யோசிக்க யாருக்கும் அவகாசம் இல்லை. யோசித்து மறுத்தாலும் பிள்ளைக்கு வகுப்பு இல்லை. செயலியைத் தேர்ந்தெடுத்தது பள்ளி நிர்வாகம். வேறு சமயங்களில் அது எஸ்டேட் அலுவலகமாகவோ மருத்துவமனையாகவோ இருக்கலாம். அனுமதியை அழுத்தியதோ மாணவர், தொழிலாளி, நோயாளி. காணொலிச் செயலிகளைப் பற்றிய தனியுரிமைக் கவலைகள் பெரும்பாலும் இந்த இரண்டாமவரிடம் ‘கவனமாக இருங்கள்’ என்று சொல்வதோடு முடிந்துவிடுகின்றன. சோதிக்க வேண்டிய கடமை தேர்ந்தெடுத்தவருடையது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சோதனை என்றால் என்ன, எதைச் சோதிப்பது என்பதை விளங்கிக்கொள்ள, காணொலிச் சந்திப்பு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

ஊட்டி அருகே முத்தோரையில் மலைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி, 1970 முதல் விண்ணின் தொலைதூரத்திலிருந்து வரும் மிக மெல்லிய அலைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ரேடியோ அலைக்கு விலாசம் கிடையாது. ஏற்ற ஆன்டெனா வைத்திருக்கும் யாரும் அதைப் பிடிக்கலாம். நம் போனிலிருந்து கிளம்பும் அலையும் அப்படித்தான். ஆகவே, போனை விட்டு வெளியேறும் முன்பே குரலையும் படத்தையும் மறைகுறியாக மாற்றி அனுப்புவது இன்றைய எல்லாத் தகவல்தொடர்புக்கும் அடிப்படை. மறைகுறியாக்கம் என்பது ஒரு பூட்டு. அதற்கொரு சாவி உண்டு. அந்தச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் மற்ற எல்லாம் அடங்கியிருக்கிறது.

இருவர் மட்டும் பேசினால் சாவி அந்த இருவரிடம் மட்டும் இருப்பது எளிது. முப்பது பேர் கூடும் வகுப்பில் கணக்கு மாறுகிறது. ஒவ்வொருவரும் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் தன் படத்தை நேரடியாக அனுப்புவதென்றால் மொத்தம் 870 படவோட்டங்கள் வேண்டும். ஒரு மலைமுகடு குறுக்கே நின்றால் சிக்னல் அறுந்துபோகும் ஊரில், ஒரே போன் இருபத்தொன்பது முறை அனுப்புவது நடக்காத காரியம். அதனால் நடுவில் ஒரு சர்வர் வருகிறது. எல்லோரும் தத்தம் படத்தை ஒருமுறை சர்வருக்கு அனுப்ப, சர்வர் அதை மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. இந்த இடைத்தரகர் தவிர்க்க முடியாதவர். ஆனால் இடைத்தரகர் பெட்டியைத் திறந்து பார்க்க முடியுமா என்பது தவிர்க்கக்கூடியது. போனிலிருந்து சர்வர் வரை ஒரு பூட்டு, சர்வரிலிருந்து அடுத்த போன் வரை இன்னொரு பூட்டு என்று போட்டால், நடுவில் சர்வருக்குள் பெட்டி திறந்த நிலையில் இருக்க முடியும். வழிப்பறிக்காரரிடமிருந்து பாதுகாப்பு உண்டு, தரகரிடமிருந்து இல்லை. பேசுகிறவர்களிடம் மட்டும் சாவி இருந்து, தரகர் பூட்டிய பெட்டியை அப்படியே கைமாற்றினால் அதுதான் முனைக்கு முனை மறைகுறியாக்கம்.

இந்த வேறுபாட்டை ஊட்டிக்காரர்களுக்கு விளக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. 1960இல் இங்கே நிறுவப்பட்டு, இப்போது மூடிக்கிடக்கும் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரானது. பிலிம் காலத்தில் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டவரின் கைக்குப் பிரிண்ட் வரும். நெகட்டிவ் ஸ்டூடியோவில் தங்கிவிடும். நெகட்டிவ் இருப்பவர் எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம். ஸ்டூடியோக்காரரை ஊருக்கே தெரியும் என்பதால் அந்த ஏற்பாடு தாக்குப்பிடித்தது. காணொலிச் சந்திப்பில் சாவி நிறுவனத்திடம் இருக்கும்போது நெகட்டிவும் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த நிறுவனம் எந்த நாட்டில், எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இயங்குகிறது என்பதுகூட வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குத் தெரியாது.

பொதுமுடக்க நாட்களில் உலகம் முழுவதும் அதிகம் பயன்பட்டது ஜூம் செயலி. 2019 டிசம்பரில் நாளொன்றுக்குச் சுமார் 1 கோடியாக இருந்த பங்கேற்பு, 2020 மார்ச்சில் 20 கோடியாகவும் ஏப்ரலில் 30 கோடியாகவும் ஏறியது. தன் சந்திப்புகள் முனைக்கு முனை மறைகுறியாக்கப்பட்டவை என்று அந்த நிறுவனம் விளம்பரப்படுத்தியிருந்தது. 2020 மார்ச் 31 அன்று ‘தி இன்டர்செப்ட்’ இதழ், அது உண்மையில் சர்வர் வரைக்குமான பூட்டு மட்டுமே என்று வெளியிட்டது. மூன்று நாள் கழித்து டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகம் இன்னும் ஆழமாகப் போனது. 256 பிட் சாவி என்று சொன்ன இடத்தில் 128 பிட் சாவிதான் இருந்தது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நடத்திப் பார்த்த சோதனை அழைப்பில், சாவி பெய்ஜிங்கில் இருப்பதாகத் தெரிந்த ஒரு சர்வரிலிருந்து வந்திருந்தது. பூட்டிய முறையும் பலவீனமானது: ஒரே மாதிரியான தகவல் துண்டு எப்போது வந்தாலும் ஒரே மாதிரியான மறைகுறித் துண்டாகவே மாறும் முறை அது. தோடர்களின் பூத்தையலை நினைத்துக்கொண்டால் இதன் குறை விளங்கும். வெள்ளைத் துணியில் இருக்கும் சிவப்பு நூலையெல்லாம் பச்சையாகவும் கறுப்பையெல்லாம் நீலமாகவும் மாற்றிவிட்டால் நிறம் மறைந்துவிடும், கோலம் மறையாது. மறைகுறியாக்கம் மறைக்க வேண்டியது அந்தக் கோலத்தைத்தான்.

அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2020 நவம்பரில் இந்த நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், குறைந்தது 2016 முதலே இந்த மறைகுறியாக்க உறுதிமொழி பயனரைத் தவறாக வழிநடத்தியது என்று குற்றஞ்சாட்டியிருந்தது. நான்கு ஆண்டுகள். உலகின் பெரிய பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் சட்டத்துறையினரையும் தொழில்நுட்பக் குழுக்களையும் வைத்துக்கொண்டு அதே செயலியை வாங்கிப் பயன்படுத்திய நான்கு ஆண்டுகள். மூட்டையின் மேல் எழுதியிருந்ததை எல்லோரும் நம்பினார்கள். வெளியாள் ஒருவர் தூளை எடுத்து நாக்கில் வைத்த பிறகே உண்மை தெரிந்தது. படித்த நிறுவனங்களே இப்படி ஏமாந்திருக்கும்போது, பந்தலூரில் ஒரு தாய் அனுமதிப் பெட்டியைப் படித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

மறைகுறியாக்கம் சந்திப்பு நடக்கும்போதுள்ள பிரச்சினை. நிறுவுதல் தனிப் பிரச்சினை. ஒரு செயலியை நிறுவுவது என்பது விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைப்பதைவிட, அவருக்கு வீட்டுச் சாவி ஒன்றை வெட்டிக் கொடுப்பதற்கு நெருக்கமானது. சந்திப்பு முடிந்த பிறகும் செயலி இருக்கும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், நேற்று செய்யாததை நாளை செய்யும். 2019 ஜூலையில் வெளியான ஒரு கண்டுபிடிப்பு இதற்குத் தெளிவான சான்று. ஜூமின் மேக் பதிப்பு, கணினிக்குள் ஒரு சிறிய வலைச் சர்வரை ஓசையின்றி நிறுவி வைத்திருந்தது. பயனர் செயலியை நீக்கிய பின்னும் அது அங்கேயே இருந்தது. ஏதேனும் ஒரு சந்திப்பு லிங்கைத் தொட்டால், கேட்காமலே செயலியைத் திரும்ப நிறுவியது. ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளுக்கு ஒரு தனிப் புதுப்பிப்பை அனுப்பி அந்தச் சர்வரை அகற்ற வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், பயனர் ‘நிறுவு’ என்ற கடைசிப் பொத்தானை அழுத்தும் முன்பே நிறுவலை முடித்துவிடும் உத்தியும் அதே மேக் பதிப்பில் கண்டறியப்பட்டது. ஐபோன் பதிப்போ, பேஸ்புக் கணக்கே இல்லாதவரின் போன் விவரங்களையும் பேஸ்புக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தக் கடைசிக் குறைக்குக் காரணம், ‘பேஸ்புக் வழியாக உள்நுழைக’ என்ற வசதிக்காகச் சேர்த்த ஒரு ஆயத்தக் கூறு. செயலி எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிய துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள். அந்தத் துண்டு தன் பழைய எஜமானருக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தால், நல்ல எண்ணம் கொண்ட நிறுவனமும் அறியாமலே காட்டிக்கொடுக்கும்.

இந்திய அரசு இந்த ஆபத்தைக் கவனிக்காமல் இல்லை. கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2020 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் எச்சரிக்கை வெளியிட்டது. உள்துறை அமைச்சகத்தின் சைபர் ஒருங்கிணைப்பு மையம் ஏப்ரல் 12 தேதியிட்ட அறிவுரையில் ஜூம் பாதுகாப்பான தளம் அல்ல என்றும், அரசு அதிகாரிகள் அலுவல் பணிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. வெலிங்டனில் முப்படை அலுவலர் கல்லூரியும், அரவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலையும் உள்ள மலையில் இந்த அறிவுரைக்கு இருக்கும் பொருளை விளக்க வேண்டியதில்லை. தனிநபர்களுக்கு அந்த அறிவுரை சொன்னது வேறு: தொடர்ந்து பயன்படுத்த விரும்பினால் இந்த இந்த அமைப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள் என்ற பட்டியல். அதிகாரிக்கு அரசே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. எஸ்டேட் பிள்ளைக்குப் பட்டியல் கிடைத்தது. அந்த அமைப்புகளில் பெரும்பாலானவை சந்திப்பை நடத்துபவரின் கையில் இருப்பவை, சேர்பவரின் கையில் இல்லை.

‘அந்தக் குறைகளெல்லாம் அப்போதே சரிசெய்யப்பட்டுவிட்டனவே’ என்பது முதல் மறுப்பு. உண்மைதான். நிறுவனத் தலைவர் எரிக் யுவான் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்; 90 நாட்களுக்குப் புதிய வசதிகள் எதையும் சேர்க்காமல் பாதுகாப்பை மட்டும் கவனிப்பதாக அறிவித்தார். மறைகுறியாக்க நிபுணர்களைக் கொண்ட கீபேஸ் நிறுவனத்தை மே மாதம் வாங்கினார்கள். அக்டோபரில் உண்மையான முனைக்கு முனை மறைகுறியாக்கம் வந்தது. ஆணையத்தின் உத்தரவுப்படி அவர்களின் பாதுகாப்பு ஏற்பாடுகளை வெளியார் மதிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இன்றைய ஜூமை 2020இன் ஜூமாக நினைத்துப் பயப்படுவது தவறு. ஆனால் இந்தத் திருத்தங்கள் எப்படி வந்தன என்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் வெளியாள் சோதித்துக் கண்டுபிடித்து, பத்திரிகை எழுதிய பிறகோ ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்ட பிறகோதான் வந்தது. சரிசெய்தார்கள் என்ற சான்று, சோதனை தேவை என்ற என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. சோதனை ஒருமுறையோடு முடிவதுமில்லை. 2023 ஆகஸ்டில் இதே நிறுவனத்தின் சேவை விதிகளில், பயனர் தரவைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சியளிக்கப் பயன்படுத்தலாம் என்று பொருள்படும் வாசகம் இருப்பது கவனிக்கப்பட்டு, பெரும் எதிர்ப்புக்குப் பின் மாற்றப்பட்டது. இந்த வார லாட்டை இந்த வாரம்தான் சுவைக்க வேண்டும்.

ஒரே நிறுவனத்தைக் குறிவைப்பதும் சரியாகாது. மியூட் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அழுத்தினால் மைக் அணைந்துவிடுகிறது என்றே எல்லோரும் நம்புகிறோம். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் புகழ்பெற்ற பல செயலிகளைச் சோதித்தபோது, மியூட் செய்த பிறகும் அவை மைக்கைத் தொடர்ந்து அணுகுவதைக் கண்டார்கள். அவற்றுள் சிஸ்கோவின் வெபெக்ஸ், மியூட் நிலையிலும் ஒலியின் அளவு பற்றிய புள்ளிவிவரத்தைச் சர்வருக்கு அனுப்பியது. குரலையே அனுப்பவில்லை, ஒலியின் ஏற்ற இறக்கக் கணக்கை மட்டுமே. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்து, அறையில் சமையல் நடக்கிறதா, துப்புரவு நடக்கிறதா, தட்டச்சு நடக்கிறதா என்று ஆறு வகைச் செயல்களை 82 சதவீதம் அளவுக்குச் சரியாகப் பிரித்துச் சொல்ல ஆய்வாளர்களால் முடிந்தது. ஆய்வுக்குப் பின் சிஸ்கோ அதை நிறுத்திக்கொண்டது. திரையில் தெரியும் பொத்தான் ஒரு வாக்குறுதி. அதன் பின்னால் நடப்பது வேறொன்றாக இருக்கலாம்.

‘மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம், பாடம்தானே நடக்கிறது’ என்பது இரண்டாவது மறுப்பு. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தனியறை உள்ளவர்கள். எஸ்டேட்டின் லைன் வீட்டில் கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுப்பு தெரியும், கொடியில் தொங்கும் துணி தெரியும், பாயில் படுத்திருக்கும் பாட்டி தெரிவார். மைக் திறந்திருந்தால் கூலியைப் பற்றிய பேச்சும் கடனைப் பற்றிய பேச்சும் வகுப்பு முழுவதும் கேட்கும். இதில் குற்றமோ ரகசியமோ எதுவும் இல்லை. ஆனால் தன் வீட்டை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிப்பது வீட்டில் இருப்பவரின் உரிமை. மலைத்தோட்டத்தில் இதற்கு இன்னும் கூர்மையான பக்கம் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டு வசதியை நிர்வாகத்தின் கடமையாக்கியது; நல்ல ஏற்பாடு, ஆனால் வேலையும் வீடும் ஒரே கையில் சேர்ந்தன. சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் நிலையும் அதுவே. வேலை கொடுப்பவர், வீடு கொடுப்பவர், சில இடங்களில் மருத்துவம் கொடுப்பவர் எல்லாம் ஒருவராக இருக்கையில், அவர் அனுப்பும் லிங்கைத் தொடாமல் இருப்பது ஒரு தேர்வாகவே இருக்காது. தனியுரிமை என்பது ரகசியத்தைவிட அதிகார உறவைப் பற்றியது என்பதை இந்த மலையைப் போலத் தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு.

‘வெளிநாட்டுச் செயலி வேண்டாம், நம்முடையதைப் பயன்படுத்தினால் தீர்ந்தது’ என்றும் சொல்கிறார்கள். உள்நாட்டுத் தயாரிப்புகள் வளர்வதை நானும் விரும்புகிறேன். மத்திய அரசு 2020இல் நடத்திய போட்டியில் ஆலப்புழையைச் சேர்ந்த டெக்ஜென்சியா நிறுவனத்தின் விகன்சோல் வென்றது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் தயாரித்த இடம் சோதனைக்கு ஈடாகாது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள கியூஆர் கோடுகளால் நம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நன்கு அறிமுகமான தீக்‌ஷா, மத்திய அரசின் தளம். அதன் தரவு இருந்த ஒரு சேமிப்பகம் பூட்டப்படாமல் கிடந்ததால், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரிகளும், ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களைப் பற்றிய விவரங்களும் வெளியே தெரியும் நிலையில் இருந்ததாக 2023 ஜனவரியில் செய்தி வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகச் சொல்லவில்லை. பூட்ட மறந்த கதவு நம் ஊர்க் கதவாக இருந்தாலும் திறந்த கதவுதான்.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு, பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றியது. இதை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. 2021 மே மாதம் சென்னையில் ஓர் ஆசிரியர் மீது எழுந்த பாலியல் தொல்லைப் புகார்களை அடுத்து, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தலைமையில் ஆலோசனை நடந்தது. இணையவழி வகுப்புகள் முழுவதும் பதிவு செய்யப்பட வேண்டும், பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தைச் சேர்ந்தவர்களும் கொண்ட குழு அவற்றை அவ்வப்போது ஆய்வு செய்ய வேண்டும் என்று அரசு அறிவித்தது. பிள்ளைகளைக் காக்க எடுத்த முடிவு அது. அந்த நேரத்தில் தேவையானது. ஆனால் பதிவு செய்வதென்றால் முப்பது வீடுகளின் உட்புறமும் முப்பது பிள்ளைகளின் முகமும் குரலும் கோப்பாகச் சேர்கின்றன. அந்தக் கோப்பு எங்கே இருக்கும், எத்தனை நாள் இருக்கும், யார் திறக்கலாம்? 2020 ஏப்ரலில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ், ஆயிரக்கணக்கான ஜூம் பதிவுகள் இணையத்தில் யாரும் பார்க்கும்படி திறந்து கிடப்பதைக் கண்டறிந்து எழுதியது. தனிநபர் மனநல ஆலோசனைகளும் சிறுவர் வகுப்புகளும் அவற்றில் இருந்தன. கோப்புகளுக்கு ஒரே பாணியில் பெயர் வைக்கப்பட்டிருந்ததால் அந்தப் பெயரைத் தேடினாலே கிடைத்துவிட்டன. ஆகவே, பதிவு வேண்டுமா வேண்டாமா என்பதோடு நின்றுவிடாமல் அடுத்த படிக்குப் போக வேண்டும். ஆசிரியரின் படமும் குரலும் மட்டும் பதிவானால் அரசு நாடிய கண்காணிப்பின் பெரும்பகுதி கிடைத்துவிடும். பிள்ளைகளின் கேமரா அணைந்தே இருக்கலாம். பாதுகாப்புக்கும் தனியுரிமைக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற எண்ணம், பல இடங்களில் அமைப்புகளைக் கவனித்துப் பார்க்காததால் வருவது.

அப்படியானால் சாம்பிள் பார்க்கக்கூடிய தூள் எது? மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஜிட்சி மீட், பிக்புளூபட்டன் போன்ற மென்பொருள்கள் உண்டு. ஒரு பள்ளியோ கல்லூரியோ அவற்றைத் தன் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். நிரல் திறந்திருக்கிறது என்பதால் மட்டும் அது பழுதற்றதாகிவிடாது. சர்வரை நடத்துபவர் கவனக்குறைவாக இருந்தால் தீக்‌ஷாவுக்கு நேர்ந்ததே நேரும். சர்வருக்குப் பணமும் ஆளும் வேண்டும், சிறிய பள்ளிக்கு அது எட்டாது என்பதும் நியாயமான மறுப்பு. ஆனால் பல பள்ளிகள் சேர்ந்து ஒன்றை நடத்தலாம். பேக்டரி வைக்க வழியில்லாத சிறு விவசாயிகள் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளை ஏற்படுத்திக்கொண்ட மாவட்டம் இது. திறந்த நிரலின் பெருமை ஒன்றுதான்: சொன்னபடி நடக்கிறதா என்று வெளியாள் பார்க்க முடியும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சொந்த சர்வர் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. செயலியை நிறுவாமல் பிரவுசர் வழியாகவே சேர்வது. இன்றைய பிரவுசர்கள் வெப்ஆர்டிசி என்ற பொதுத் தரத்தைக் கொண்டு கேமராவையும் மைக்கையும் கையாள்கின்றன. பிரவுசருக்குள் ஓடும் பக்கம் ஒரு வேலிக்குள் ஓடுகிறது. அனுமதி கேட்காமல் கேமராவைத் தொட முடியாது. தொடர்புப் பட்டியலையோ மற்றக் கோப்புகளையோ துழாவ முடியாது. பக்கத்தை மூடினால் அதன் வேலையும் பெரும்பாலும் முடிந்தது. படத்தின் தரம் கொஞ்சம் குறையலாம், சில வசதிகள் கிடைக்காமல் போகலாம். கூடலூர்ப் பக்கச் சிக்னலில் அந்த உயர்தரப் படம் எப்படியும் வருவதில்லை. குரலுக்கு வேண்டிய இணைய வேகம், நல்ல தரப் படத்துக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு அளவே. கேமராவை அணைப்பது அந்தரங்கத்தையும் காக்கும், டேட்டாவையும் மிச்சப்படுத்தும். செயலியைத்தான் நிறுவ வேண்டும் என்றால் அதிகாரப்பூர்வக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள். சிக்னல் குறைந்த ஊர்களில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குச் செயலிக் கோப்பையே அனுப்பிக்கொள்ளும் பழக்கம் ஆபத்தானது. வெளியிலிருந்து இறக்கிய ஜூம் நிறுவிகளில் வேறு தீநிரல் ஒட்டியிருந்ததை 2020 ஏப்ரலில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் கண்டறிந்து எச்சரித்தது. ஆண்ட்ராய்டு 11 முதல் ‘இந்த முறை மட்டும்’ என்று அனுமதி கொடுக்கும் வசதி இருக்கிறது. 12 முதல் கேமராவோ மைக்கோ இயங்கும்போது திரை மூலையில் பச்சைக் குறி தெரியும். பழைய, விலை குறைந்த போன்களில் இவை இல்லை. பாதுகாப்பு புதிய போன் வாங்க முடிந்தவருக்கு மட்டும் என்றாகும்போது, செயலியைத் தேர்ந்தெடுத்தவரின் கடமை இன்னும் கூடுகிறது.

சட்டமும் மெல்ல இந்தத் திசைக்கு வருகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசுவாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது கட்டாயமற்றதாகவும், எதற்கென்று தெளிவாக அறிந்து கொடுத்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 18 வயதுக்குட்பட்டவரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், வகுப்பு வேண்டுமானால் அழுத்து என்ற நிலையில் கொடுத்த அனுமதி எப்படிக் கட்டாயமற்றதாகும்?

சந்திப்புகளுக்கு லிங்க் அனுப்பும் தலைமையாசிரியர்களிடமும் எஸ்டேட் மேலாளர்களிடமும் மருத்துவமனை நிர்வாகிகளிடமும் கேட்பது இதுதான். அடுத்த லிங்கை அனுப்பும்போது அதன் கீழே நான்கு வரிகள் தமிழில் சேர்த்து எழுதுங்கள்: செயலி இல்லாமல் பிரவுசரில் சேர்வது எப்படி, கேமரா கட்டாயமா இல்லையா, சந்திப்பு பதிவாகிறதா, பதிவானால் அது யாரிடம் எந்தத் தேதி வரை இருக்கும். இந்த நான்கு வரிகளை எழுத உங்களுக்கே விடை தெரியவில்லை என்றால், அந்தச் செயலியை நீங்கள் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்கும் வரை அந்த லிங்கை அனுப்பாதீர்கள்.